இந்த விசையைக் கொடுப்பது யார்? இயக்கவியலுக்குள் நுழைய ஒரு வழி

பிளஸ் ஒன் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இயக்கவியலில் சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய கணக்கு என்றால் போட்டுவிடுகிறேன். கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அடிப்படையை எப்படிச் சரி செய்வது?" கூடவே நான்கு சந்தேகங்கள். மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது முடுக்கம் பூஜ்ஜியமா? மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடைக்கு எதிர்விசை, மேசை தரும் விசைதானா? விசையும் எதிர்விசையும் சமம் என்றால் தேர் எப்படி நகர்கிறது? மையவிலக்கு விசை உண்மையில் இருக்கிறதா, இல்லையா?

நான்கும் வேறு வேறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். விசை என்றால் ஒரு பொருள் தனக்குள் வைத்திருக்கும் சரக்கு என்று மனம் நினைத்துக்கொள்கிறது. கல்லுக்குள் எறிந்த விசை இருக்கிறது, ஓடும் பஸ்ஸுக்குள் ஓடும் விசை இருக்கிறது என்று. அப்படி இல்லை. விசை கடன் மாதிரி. கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் கடன் என்ற பேச்சே கிடையாது. படத்தில் ஓர் அம்புக்குறி போட்டால், இதைக் கொடுக்கும் பொருள் எது, வாங்கும் பொருள் எது என்று இரண்டு பெயரையும் சொல்லத் தெரிய வேண்டும். கொடுப்பவர் பெயர் வரவில்லையா, அந்த அம்புக்குறியை அழித்துவிடுங்கள். பல வருடங்களாக நான் பிள்ளைகளுக்கு முதல் வாரம் முழுக்க இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். சூத்திரம் எல்லாம் இரண்டாவது வாரம்தான்.

கேரம் பலகையில் இருந்து தொடங்கலாம். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறீர்கள். விரலை விட்டுப் பிரிந்த பிறகும் அது பலகையின் மறுபக்கம் வரை ஓடுகிறது. ஓடும்போது அதை முன்னால் தள்ளுவது யார்? விரல் இங்கேயே நின்றுவிட்டது. காற்று தள்ளவில்லை. பலகை தள்ளவில்லை, சொல்லப்போனால் பலகைதான் உராய்வால் பின்னுக்கு இழுக்கிறது. ஆக, முன்பக்கமாக ஒரு விசையும் இல்லை. இருந்தும் ஓடுகிறது. பவுடர் போட்டால் இன்னும் தூரம் போகிறது. பவுடர் புதிதாக ஒரு தள்ளலையும் கொடுக்கவில்லை, தடுப்பதைக் குறைத்தது, அவ்வளவுதான். இந்தத் திசையிலேயே யோசித்துக்கொண்டே போங்கள். தடுப்பது அடியோடு இல்லை என்றால்? ஸ்ட்ரைக்கர் நிற்கவே நிற்காது.

கலிலியோ நடந்த பாதையும் கிட்டத்தட்ட இதுதான். அவர் கையில் இருந்தது சாய்தளமும் உருண்டையும். ஒரு சரிவில் உருட்டிவிட்ட உருண்டை எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறும். எதிர்ச் சரிவைப் படுக்க வைக்க வைக்க, அந்த உயரத்தைத் தொட இன்னும் நீண்ட தூரம் ஓட வேண்டியிருக்கும். சரிவே இல்லாமல் தரை முழுக்கச் சமமாகிவிட்டால் அந்த உயரம் வரவே வராது, ஓட்டமும் முடியாது. 1638ல் வெளிவந்த அவருடைய கடைசி நூலில் இயக்கம் பற்றிய அவருடைய வாதங்கள் விரிவாக இருக்கின்றன. நியூட்டன் 1687ல் இதை முதல் விதியாக வைத்தார். அதற்கு முன் இரண்டாயிரம் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, அரிஸ்டாட்டில் வழியில் உலகம் நினைத்தது வேறு: இயக்கம் தொடர வேண்டும் என்றால் தள்ளல் தொடர வேண்டும். அவ்வளவு காலம் பெரிய பெரிய அறிஞர்கள் நினைத்ததை நீங்களும் நினைக்கிறீர்கள் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உராய்வு நிறைந்த உலகத்தில் வளர்ந்த எந்தக் குழந்தையும் அப்படித்தான் நினைக்கும். மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி நின்றுவிடுகிறது என்பதைத்தானே நாம் தினமும் பார்க்கிறோம். உராய்வு கிட்டத்தட்ட இல்லாத இடத்தையும் இன்று மனிதன் தொட்டுவிட்டான். 1977ல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு ஒரு எஞ்சினும் ஓடவில்லை.

இப்போது உங்கள் முதல் சந்தேகம். கல்லை மேலே எறிந்தாயிற்று, கையை விட்டுப் போய்விட்டது, இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் என்னென்ன விசை? பத்துப் பேரிடம் கேட்டால் ஏழெட்டுப் பேர் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டு "எறிந்த விசை" என்று எழுதுவார்கள். கொடுப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கை? கை கல்லைத் தொட்டுக்கொண்டே இல்லையே. எனவே அந்த அம்பு கிடையாது. காற்றின் சிறு தடையை விட்டுவிட்டால் ஒரே ஒரு விசைதான்: பூமி, கல்லைக் கீழே இழுக்கிறது. ஏறும்போதும் அதே, உச்சியிலும் அதே, இறங்கும்போதும் அதே.

இந்தத் தவறு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் ஹெஸ்டெனெஸ் என்ற இயற்பியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் கணக்கே இல்லாமல் கருத்தை மட்டும் சோதிக்கும் ஒரு வினாத்தாளை 1992ல் வெளியிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்க இயக்கவியல் படித்து முடித்தவர்களில் நிறையப் பேர் அதில் தடுமாறினார்கள். ஹார்வர்டில் பாடம் நடத்திய எரிக் மசூர் இதே வகைக் கேள்விகளைத் தன் வகுப்பில் கொடுத்தபோது, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டாராம். அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். தேர்வுக்கு ஓர் இயற்பியல், மனதுக்கு ஓர் இயற்பியல் என்று இரண்டும் தனித்தனியாக ஓடினால், மாற்றிக் கேட்ட கணக்கில் மனசுதான் பேனாவைப் பிடிக்கும். உங்களுக்கு நடப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, உச்சியில் முடுக்கம் எவ்வளவு? கணக்கு எளிதாக இருக்கப் புவியீர்ப்பு முடுக்கத்தை வினாடிக்கு வினாடி 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம் (உண்மையில் சுமார் 9.8). கல்லை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறீர்கள். எறிந்த கணத்திலும், பிறகு ஒவ்வொரு வினாடி முடிவிலும் அதன் திசைவேகம்: 20, 10, 0, −10, −20. பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். எங்கும் மாறாமல் −10. நடுவில் இருக்கும் அந்தப் பூஜ்ஜியம் திசைவேகத்தின் மதிப்பு. முடுக்கம் என்பது மதிப்பு அல்ல, மதிப்பு மாறும் வீதம். வங்கிக் கணக்கில் இருப்பு பூஜ்ஜியம் என்பதும் பணம் எடுப்பது நின்றுவிட்டது என்பதும் ஒன்றா? இன்னொரு வழியிலும் பார்க்கலாம். உச்சியில் திசைவேகமும் பூஜ்ஜியம், முடுக்கமும் பூஜ்ஜியம் என்றால் அந்தக் கல் அங்கேயே தொங்கிக்கொண்டு இருக்க வேண்டும், கீழே வரவே காரணம் இல்லை.

இதே இடத்தில் இன்னொன்றையும் சரி செய்துகொள்ளுங்கள். முடுக்கத்துக்குக் கழித்தல் குறி வந்தால் வேகம் குறைகிறது என்று பலர் எழுதுகிறார்கள். மேலே உள்ள எண்களில் இரண்டாவது வினாடிக்குப் பிறகும் முடுக்கம் −10தான், ஆனால் கல்லின் வேகம் கூடிக்கொண்டு போகிறது. குறி திசையை மட்டும் சொல்கிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியாக இருந்தால் வேகம் கூடும், எதிரெதிராக இருந்தால் குறையும்.

அடுத்து, படம். இயக்கவியலில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கணக்குப் போடுவதில் அல்ல, படம் போடாமல் விடுவதில். பாடப்புத்தகம் தனித்த பொருள் விசைப்படம் என்று சொல்லும் அதைத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தைத் தொடும் பொருள்கள் என்னென்ன? கயிறு, தரை, கை, இன்னொரு கட்டை. தொடும் ஒவ்வொன்றும் ஒரு விசை கொடுக்கலாம். தொடாமல் கொடுப்பது இந்தப் பாடத்தில் பூமி ஒன்றுதான் (காந்தமும் மின்னூட்டமும் பிற்பாடு வரும்). இவ்வளவுதான் பட்டியல். வேறு எங்கிருந்தும் விசை வர வழி இல்லை. பட்டியல் முடிந்த பிறகு எல்லா விசைகளையும் திசையோடு கூட்டி, நிறை × முடுக்கம் என்பதற்குச் சமன் செய்யுங்கள். நிறை × முடுக்கம் என்பதே தனியாக ஒரு விசை என்று நினைத்துப் படத்தில் அதற்கும் ஓர் அம்பு போடாதீர்கள். அது கூட்டலின் விடை.

படம் போட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு லிஃப்ட் நல்ல உதாரணம். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் லிஃப்டுக்குள் எடை பார்க்கும் மெஷின்மேல் நிற்கிறார். அவர்மேல் இரண்டே விசைகள்: பூமி கீழே இழுக்கும் 500 நியூட்டன், மெஷின் மேலே தள்ளும் செங்குத்து விசை (தொடும் பரப்புக்குச் செங்குத்தாக வருவதால் இந்தப் பெயர்). லிஃப்ட் மேல்நோக்கி 2 என்ற முடுக்கத்தோடு கிளம்பினால், செங்குத்து விசையில் 500 கழித்தால் 50 × 2 வர வேண்டும். அதாவது செங்குத்து விசை 600. கீழ்நோக்கி அதே முடுக்கம் என்றால் 400. சீரான வேகத்தில் எந்தப் பக்கம் போனாலும் 500தான். மெஷின் காட்டுவது செங்குத்து விசையை, பூமியின் இழுப்பை அல்ல. லிஃப்டின் கம்பி அறுந்து எல்லாம் ஒன்றாக விழுந்தால் மெஷின் பூஜ்ஜியம் காட்டும், ஆனால் பூமி 500 நியூட்டனோடு இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதும் இதேதான். அங்கே ஈர்ப்பு இல்லை என்று எத்தனையோ பேர் நம்புகிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. பூமியின் ஆரமோ 6,400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 8.7, தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம். ஈர்ப்பு இல்லை என்றால் நிலையம் பூமியைச் சுற்றாமல் நேர்கோட்டில் போயே போய்விடும். நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், பக்கவாட்டு வேகம் அதிகம் என்பதால் பூமியைத் தொடுவதில்லை. தரை காலைத் தள்ளவில்லை. எடையின்மை என்று உணர்வது அதைத்தான்.

கனமானது வேகமாக விழுமா என்பதற்கும் இதே சமன்பாட்டில் விடை இருக்கிறது. இரண்டு மடங்கு நிறை என்றால் பூமியின் இழுப்பும் இரண்டு மடங்கு. அசைப்பதற்கான சிரமமும் இரண்டு மடங்கு. வகுத்தால் ஒரே முடுக்கம். 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் வல்லூறின் இறகு ஒன்றையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். காற்று இல்லாத இடம், இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அந்தக் காணொளி இணையத்தில் கிடைக்கிறது, ஒரு தடவையாவது பாருங்கள்.

மூன்றாம் விதிக்கு வருவோம்: ஒரு பொருள் இன்னொன்றுக்கு விசை கொடுத்தால், அதுவும் அதே அளவு விசையை எதிர்த் திசையில் திருப்பிக் கொடுக்கும். மேசைமேல் புத்தகம். பூமி புத்தகத்தைக் கீழே இழுக்கிறது, மேசை புத்தகத்தை மேலே தள்ளுகிறது. இரண்டும் சமம், எதிரெதிர். அதனால் இவை விசை, எதிர்விசை ஜோடி என்று எழுதினால் தவறு. கடன் கணக்கில் பாருங்கள். முதல் விசையில் கொடுப்பவர் பூமி, வாங்குபவர் புத்தகம். எதிர்விசை வேண்டும் என்றால் பெயர்களை அப்படியே மாற்றிப் போட வேண்டும்: கொடுப்பவர் புத்தகம், வாங்குபவர் பூமி. ஆம், புத்தகமும் பூமியை அதே அளவு விசையோடு மேலே இழுக்கிறது. பூமியின் நிறை பெரிது என்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மேசை புத்தகத்தைத் தள்ளுவதன் ஜோடி, புத்தகம் மேசையைக் கீழே அழுத்துவது. ஜோடி விசைகள் ஒருபோதும் ஒரே பொருளின் மேல் இருக்காது. அப்படியானால் எடையும் செங்குத்து விசையும் சமமாக இருப்பது ஏன்? புத்தகத்துக்கு முடுக்கம் இல்லை, அதனால். அது இரண்டாம் விதியின் (மொத்த விசை = நிறை × முடுக்கம்) வேலை. லிஃப்டில் பார்த்தீர்களே, 500ம் 600ம் சமமில்லாமல் போயின. மூன்றாம் விதி ஜோடி என்றால் எந்த நிலையிலும் சமமில்லாமல் போக முடியாது.

தேர் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வடம் பிடிப்பவர்கள் தேரை முன்னால் இழுக்கிறார்கள், தேர் அதே விசையோடு அவர்களைப் பின்னால் இழுக்கிறது. சமம் என்றால் ரத்தாகிவிடாதா? ரத்தாகாது, ஏனென்றால் ஒன்றை வாங்குவது தேர், மற்றொன்றை வாங்குவது மனிதர்கள். உங்கள் வரவையும் பக்கத்து வீட்டுக்காரர் செலவையும் ஒரே நோட்டில் கூட்டுவீர்களா? இரண்டு படம் போடுங்கள். தேரின் படத்தில்: முன்னால் வடம், பின்னால் சக்கரத்தின் தடைகள். வடத்தின் இழுப்பு தடையை மிஞ்சினால் தேர் அசைகிறது. கிளம்பும் நேரத்தில்தான் தடை மிக அதிகம் என்பதால்தான் சக்கரத்துக்குப் பின்னால் சன்னை மரத்தைக் கொடுத்து நெம்புகிறார்கள். மனிதர்களின் படத்தில்: பின்னால் வடம், முன்னால் தரையின் உராய்வு. அவர்கள் பாதம் தரையைப் பின்னோக்கி உதைக்கிறது, தரை அவர்களை முன்னோக்கித் தள்ளுகிறது. வீதியில் எண்ணெய் கொட்டியிருந்தால் எத்தனை பேர் பிடித்தாலும் தேர் நகராது, இழுப்பவர்கள் வழுக்குவார்கள். ஆக, தேரோட்டத்தில் மொத்தக் கூட்டத்தையும் தேரையும் முன்னால் தள்ளுவது கடைசியில் தரைதான்.

இந்த விதி பெரியவர்களையும் சறுக்க வைத்திருக்கிறது. வெற்றிடத்தில் ராக்கெட் எதைத் தள்ளும், அதற்கு எதிராகத் தள்ள அங்கே எதுவும் இல்லையே என்று 1920ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தலையங்கம் எழுதி, ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் கோடர்டைக் கேலி செய்தது. மனிதர்களோடு அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்று அதே நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. கோடர்ட் 1945லேயே இறந்துவிட்டார். நம் கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். ராக்கெட்டுக்கு விசை கொடுப்பது யார்? வெளியே உள்ள காற்று அல்ல, அதன் வயிற்றிலிருந்து பின்னால் பீய்ச்சும் வாயு. ராக்கெட் வாயுவைப் பின்னால் தள்ளுகிறது, வாயு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3ன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியபோதும் வேகத்தைக் குறைத்தது இந்த ஜோடிதான். காற்று இல்லாத இடத்தில் பாராசூட்டுக்கு வேலை இல்லை. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உராய்வைப் பற்றிச் சுருக்கமாக. ஓய்வுநிலை உராய்வு ஒரு நிலையான எண் அல்ல, அதற்கு ஓர் உச்ச வரம்புதான் உண்டு. 20 கிலோகிராம் பெட்டி, உராய்வுக் குணகம் (உச்ச உராய்வை செங்குத்து விசையால் வகுத்தால் வருவது) 0.5 என்றால் அந்த உச்ச வரம்பு 100 நியூட்டன். நீங்கள் 40 நியூட்டனோடு தள்ளினால் உராய்வு எவ்வளவு? 100 என்று எழுதுபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அப்படி இருந்தால் பெட்டி உங்களை நோக்கி ஓடி வர வேண்டும். விடை 40. அப்புறம், உராய்வு எப்போதும் பொருள் போகும் திசைக்கு எதிர் என்பதும் தவறு. நடக்கும் பாதத்துக்கும் பைக்கின் பின்சக்கரத்துக்கும் அது முன்னோக்கித்தான். தொடும் இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதைத்தான் அது எதிர்க்கிறது.

நான்காவது சந்தேகம். வட்டப் பாதையில் போகும் பொருளுக்கு, வேகம் மாறாவிட்டாலும் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. திசை மாறினால் திசைவேகம் மாறுகிறது, ஆகவே முடுக்கம் உண்டு, மையத்தை நோக்கி. அதன் அளவு, வேகத்தின் இருமடி வகுத்தல் ஆரம். அந்த முடுக்கத்தைத் தர மையத்தை நோக்கி ஒரு நிகர விசை வேண்டும். மையநோக்கு விசை என்ற பெயரைக் கேட்டதும் அதை எடை, இழுவிசை மாதிரி இன்னொரு தனி விசை என்று நினைத்துப் படத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது ஒரு பதவியின் பெயர், ஆளின் பெயர் அல்ல. கவணில் அந்தப் பதவியில் இருப்பது கயிறு. நிலவுக்குப் பூமியின் ஈர்ப்பு. வளைவில் திரும்பும் பைக்குக்குச் சாலையின் உராய்வு.

பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். செங்குத்தான மரச்சுவரில் பைக் படுத்த வாக்கில் சுற்றி வரும். படம் போட்டுப் பாருங்கள். பைக்கைத் தொடுவது சுவர் மட்டும். சுவர் மையத்தை நோக்கிச் செங்குத்து விசை கொடுக்கிறது, மேல்நோக்கி உராய்வும் கொடுக்கிறது. பூமி கீழே இழுக்கிறது. மூன்றே அம்புகள். மையநோக்கு வேலையைச் செய்வது சுவரின் செங்குத்து விசை. விழாமல் பிடிப்பது உராய்வு. ஆரம் 5 மீட்டர், உராய்வுக் குணகம் 0.5 என்று வைத்தால், உராய்வின் உச்ச வரம்பு எடைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, வேகத்தின் இருமடி குறைந்தது 5 × 10 ÷ 0.5 = 100 என்று தருகிறது. வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போனதைக் கவனித்தீர்களா? ஒல்லியானவர் ஓட்டினாலும் பருமனானவர் ஓட்டினாலும் இந்தக் கணக்கில் அதே வேகம்தான். வேகம் குறைந்தால் சுவரின் அழுத்தம் குறையும், அதோடு உராய்வின் வரம்பும் இறங்கும், பைக் சறுக்கும்.

அப்படியானால் பஸ் வளைவில் திரும்பும்போது நம்மை வெளியே தள்ளுவது யார்? யாருமே இல்லை. உங்கள் உடல் நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் உங்களுக்குக் கீழே திரும்பிவிடுகிறது. பஸ்ஸின் பக்கச் சுவர் உங்களை உள்ளே தள்ளும் வரை நீங்கள் நேர்கோட்டிலேயே போகிறீர்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு, பஸ் அசையவில்லை என்று வைத்துக் கணக்குப் போட விரும்பினால் மட்டும், சமன்பாடு சரியாக வர வெளிநோக்கி ஓர் உறுப்பைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதுதான் மையவிலக்கு விசை. கொடுப்பவர் இல்லாத விசை என்பதால் போலி விசை என்கிறோம். அது ஏமாற்று அல்ல, திரும்பும் சட்டத்துக்குள் (எதை அசையாதது என்று வைத்துப் பார்க்கிறோமோ அதுதான் சட்டம்) நின்று கணக்குப் போடச் சரியான கருவிதான். ஆனால் என் கருத்து, தரையில் நின்று படம் போடுவது கைக்குப் பழகும் வரை அதைத் தொடாதீர்கள். இரண்டு சட்டத்தையும் கலந்து மையநோக்கு, மையவிலக்கு இரண்டுக்கும் அம்பு போட்டு ரத்து செய்து, கடைசியில் பொருள் ஏன் வட்டத்தில் போகிறது என்ற காரணமே இல்லாமல் நிற்கும் விடைத்தாள்கள் ஏராளம்.

உந்தமும் (நிறை × திசைவேகம்) ஆற்றலும் எப்போது எதைப் பயன்படுத்துவது என்ற குழப்பமும் உங்களுக்கு இருக்கும், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விசை எவ்வளவு நேரம் செயல்பட்டது என்பது தெரிந்தால் உந்தம். எவ்வளவு தூரம் செயல்பட்டது என்பது தெரிந்தால் ஆற்றல். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டரில் போகும் வண்டி, ஒவ்வொரு வினாடியிலும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் குறையும்படி பிரேக் பிடிக்கிறது. நிற்க 2 வினாடி, 10 மீட்டர். வேகத்தை 72 ஆக்குங்கள். அதே பிரேக்கில் 4 வினாடி, 40 மீட்டர். நேரம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. உந்தம் வேகத்தோடு போகிறது, இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியோடு போகிறது என்பதன் பொருள் இதுதான். பைக் ஓட்டத் தொடங்கும் வயதில் இருக்கிறீர்கள் என்பதால் அந்த 40 மீட்டரைத் தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டாம்.

இந்த இரண்டில் எது இயக்கத்தின் உண்மையான அளவு என்று பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்தது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் வழி வந்தவர்கள் வேகம் என்றார்கள், ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் பக்கத்தில் நின்றவர்கள் வேகத்தின் இருமடி என்றார்கள். ஹாலந்தில் ஸ்க்ராவேசாண்டே என்ற அறிஞர் பித்தளை உருண்டைகளை மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டு, இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்தது நான்கு மடங்கு ஆழம் இறங்குவதைக் காட்டினார். அதை எடுத்து விளக்கி 1740ல் நூல் எழுதியவர் எமிலி து ஷாட்லே என்ற பிரெஞ்சுப் பெண்மணி. நியூட்டனின் நூலை பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் அவரே. இரண்டு கட்சிக்காரர்களும் பாதி சரி: ஒருவர் நேரத்தைப் பார்த்தார், ஒருவர் தூரத்தை.

வேலை என்ற சொல்லிலும் ஒரு வழுக்கல் உண்டு. தலையில் சிமென்ட் மூட்டையைச் சுமந்து சமதரையில் நடப்பவர், மூட்டையின்மேல் செய்யும் வேலை பூஜ்ஜியம் என்று புத்தகம் சொல்லும். கேட்கவே மனதுக்கு ஒப்பாது. அவர் மேல்நோக்கித் தாங்குகிறார், மூட்டை பக்கவாட்டில் நகர்கிறது, விசையின் திசையில் நகர்வு இல்லை. அந்தப் பொருளில்தான் பூஜ்ஜியம். அவர் உடம்பு களைப்பது நிஜம். தசை நார்கள் சும்மா தாங்கி நிற்கவே ஆற்றலை எரித்துக்கொண்டிருக்கின்றன. அது மூட்டைக்குப் போகாமல் உடம்பில் வெப்பமாகிறது. இயற்பியல் அவர் உழைப்பை இல்லை என்று சொல்லவில்லை, மூட்டைக்கு எவ்வளவு ஆற்றல் சேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

இனிக் கணக்குப் போடும் பழக்கம் பற்றி. அலகை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள், கடைசி வரியில் மட்டும் அல்ல. நாசாவின் செவ்வாய் வானிலைச் சுற்றுகலன் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்துபோனதற்குக் காரணம், சிறு எஞ்சின்களின் கணத்தாக்கை (விசை × நேரம்) ஒரு மென்பொருள் பவுண்டு விசை வினாடியில் கொடுத்தது, மற்றொன்று அதை நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது என்பதுதான். ஒரு பவுண்டு விசை சுமார் 4.45 நியூட்டன். கலன் எதிர்பார்த்ததைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கி அழிந்தது.

விடை வந்ததும் ஓரத்து நிலைகளில் வைத்துப் பாருங்கள். சாய்தளத்தில் எடையின் கூறு சைனா, கொசைனா என்று குழம்பினால், கோணத்தைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். தளம் சமமாகிவிட்டால் சரிவு வழியே இழுப்பு இருக்கக் கூடாது, எனவே அங்கே சைன்தான். கப்பியில் தொங்கும் இரண்டு நிறைகளின் முடுக்கம் கண்டுபிடித்தீர்களா? இரண்டையும் சமமாக்கினால் பூஜ்ஜியம் வர வேண்டும். ஒன்றை இல்லாமல் செய்தால் மற்றது சுதந்திரமாக விழும் முடுக்கம் வர வேண்டும். வரவில்லை என்றால் தவறு எங்கோ மேலே இருக்கிறது, போய்த் தேடுங்கள். ஒரு நாளைக்கு இருபது கணக்கு ஓட்டமாகப் போடுவதைவிட, மூன்று கணக்குக்குப் படம் போட்டு, ஒவ்வொரு அம்புக்கும் கொடுப்பவர், வாங்குபவர் பெயர் எழுதி, ஓரத்து நிலையில் சரிபார்ப்பது எவ்வளவோ மேல். ஒரு மாதத்தில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

முதல் பயிற்சியாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் கப்பி வழியாகத் தண்ணீர் இறைக்கிறீர்கள். வாளி நீரை விட்டு மேலே கிளம்பும் கணம், பாதிக் கிணற்றில் சீரான வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும் கணம், இந்த இரண்டிலும் கயிற்றின் இழுவிசை வாளியின் எடையைவிடக் கூடுதலா, சமமா, குறைவா என்று முதலில் எழுதுங்கள். சீரான வேகம் என்ற இடத்தில் அவசரப்பட வேண்டாம். பிறகு மூன்றாவது: கயிறு கையை விட்டு நழுவித் தொய்ந்துவிட்டது, ஆனால் வாளி இன்னும் ஒரு நொடிப்பொழுது மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கணத்தில் வாளிக்கு எத்தனை அம்பு, ஒவ்வொன்றையும் கொடுப்பது யார், முடுக்கம் எந்தப் பக்கம் என்று எழுதிப் பாருங்கள்.